நூட்ரல்

ஆனிக் காத்து மேக்கேருந்து எறங்கி
கொடியில கெடந்த துணியெல்லாம்
மாரிக்கனி வீட்டு ஓட்டுல போட்ட மத்தியானம்.
ரெண்டேகால் இருக்கும்.
மடியில மொறம், மொறத்துல தூளு,
எழுநூத்திச் சொச்சம் பீடி முடிஞ்சிருந்துச்சு.
தலைக்கு மேல ஃபேன்
நான் முக்கூடலுக்கு வாழ வந்த நாள்லேருந்து
சுத்தாத சுத்து சுத்துச்சு.
சாமி படத்துக்கு முன்னால மினுங்குத சின்ன பல்பு
பகல்லயே கண்ணக் கூசுச்சு.
தூளெல்லாம் பறந்து மூக்குல.
நான் தும்முததுக்குள்ள
மூலையில ஸ்டெபிலைசர் 'டக்'குன்னுச்சு.
ஒரே ஒரு டக்.
டிவி கறுத்துட்டு.

தெருவுல அப்படி இல்ல.
மாரிக்கனி வீட்ல 'பட்'.
ஞானப்பூ வீட்ல 'பட்', அப்புறம் ஒரு நாத்தம்,
பிளாஸ்டிக் பையோட கருவாட்டச் சுட்ட மாதிரி.
கடைசி வீட்டு லிங்கத்துரை
மவன் கத்தார்லேருந்து அனுப்புன ஹோம் தியேட்டர
ரெண்டு கையிலயும் ஏந்திக்கிட்டு
நடுத்தெருவுல நின்னாரு.
அஞ்சு ஸ்பீக்கரும் வயர்ல தொங்குச்சு.
எங்க கொண்டு போவன்னு யார்கிட்ட கேக்க?

நூட்ரல் விட்டுட்டாம்.
டிரான்ஸ்பார்மர்ல அந்த ஒத்தக் கம்பி விட்டுப்போனா
பேஸும் பேஸும் ஒண்ணோடொண்ணு மல்லுக்கட்டி
வீட்டுக்குள்ளயே வந்துருமாம், நானூறு வோல்ட்டா.
யாரு சொன்னா?
இவியதான்.
போஸ்ட் ஏறுத வேல.
மூணு நாளைக்கு முன்ன
மோர்ச்சோத்த வாயில வச்சிக்கிட்டே சொன்னாவ:
"நம்ம தெரு ஜாயிண்ட் ஒண்ணு கருகிக் கெடக்கு.
வெள்ளிக்கெழம மாத்தணும்."
வியாழக்கெழமயே காத்து வந்துட்டு.

ஸ்டெபிலைசர் வாங்குனது நான்.
சீட்டு எடுத்த பணம், அம்பாசமுத்திரத்துல.
பஸ்ஸுல மடியில வச்சே கொண்டாந்தேன்.
இவிய சிரிச்சாவ:
"லைன்மேன் வீட்ல கரெண்டுக்குக் காவக்காரனா?"
பதில் சொல்லல.
டிவி ஓடுனாத்தான் வெரல் ஓடும்,
ஆயிரம் பீடிக்கு அப்புறமும் கழுத்து நிமிரும்னு
போஸ்ட் உச்சியில நிக்கவியளுக்கு
எப்படித் தெரியும்?

ராத்திரி கரெண்டு வந்துச்சு.
பதினோரு வீட்ல டிவி போச்சு.
எங்க வீட்ல மட்டும்
மத்தியானம் அழுதவ மிச்சத்தையும் அழுதா.
சவுண்டக் கொறச்சேன்.
இன்னும் கொறச்சேன்.
வாசல்ல மாரிக்கனி.
"ஒங்க வீட்டு டிவிக்கு மட்டும்
எப்ப வரும்னு தெரிஞ்சிருக்கு பாரேன்."
சிரிச்சிக்கிட்டுத்தான் சொன்னா.
கண்ணு மூலையில எரியுத பச்ச லைட்டு மேல.

இவிய சாப்பிடல.
சட்டையெல்லாம் கரி, வலது கையில ஒரு கொப்புளம்.
தேங்காண்ணெ தடவி விட்டேன்.
வெள்ளிக்கெழமயப் பத்தி நான் பேசல.
இவியளும் பேசல.

வெள்ளிக்கெழம காலையில
டிவிய வாசப்பக்கம் திருப்பி வச்சேன்.
ரெண்டு பாய விரிச்சேன்.
மொதல்ல ஞானப்பூ, மொறமும் கத்தரியுமா.
அப்புறம் ஒவ்வொருத்தியா.
லிங்கத்துரை பொஞ்சாதி
தூளு சிந்தாம இருக்க முந்தானையால மூடிக்கிட்டு வந்தா.
மாரிக்கனி கடைசியா வந்தா,
டிவிக்கு முதுகக் காட்டி உக்காந்தா.
கேட்டுக்கிட்டே சுத்துனா.
அவ கட்டு எப்பவும் சுத்தம்,
கம்பெனியில ஒண்ணு கழியாது.

பன்னெண்டு மணிக்குக் கால மாத்திப் போடும்போது
நூல பல்லுல கடிச்சிக்கிட்டு கேட்டா:
"அது கருகிக் கெடந்தது ஒனக்குத் தெரியுமாளா?"

டிவியில என்னமோ விளம்பரம்.
எம் மொறத்துல ஒரு பீடி வாய் மடக்காம கெடந்துச்சு.
எடுத்தேன். மடக்குனேன்.
"தெரியும்"னேன்.

மூணு பீடி சுத்துனா.
நாலாவதுக்கு எல வெட்டுனா.

"அந்தப் பெட்டி என்ன வெல?"
"ரெண்டாயிரத்து நூறு."
"அடுத்த சீட்டு எனக்கு வேணும்"னா,
திரும்பாமலே.